ஒட்டுவது காப்பதாகாது

பழைய சினிமா போஸ்டர் ஒன்று கையில் கிடைத்தால் அதை என்ன செய்வது என்பதில் தமிழ்நாட்டில் பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. லேமினேஷன் செய்ய வேண்டும். இல்லையென்றால் ஹார்ட்போர்டிலோ எம்.டி.எஃப். பலகையிலோ சுருக்கமில்லாமல் ஒட்டி, மேலே கண்ணாடியை அழுத்தி வைத்து, பீடிங் அடித்துச் சுவரில் மாட்ட வேண்டும். இதைப் படக்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். வீட்டில் கை வைக்கக் கூடாது. சேகரிப்பாளர்கள், கடைக்காரர்கள், போஸ்டரைப் பரிசாகப் பெற்றவர்கள் என எல்லாரும் ஏறக்குறைய இதையே சொல்கிறார்கள். சிவகாசியில் அச்சான பழைய காலண்டர் படங்களுக்கும், ரவி வர்மா அச்சகத்தின் கல்லச்சுப் படங்களுக்கும் இதே வைத்தியம்தான் நடக்கிறது.

இந்தக் கருத்துக்கு வலுவான காரணங்கள் சொல்லப்படுகின்றன. கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி காற்றில் ஈரம் மிகுந்திருக்கிறது. பிளாஸ்டிக் உறை அந்த ஈரத்தைத் தடுக்கும். ராமபாணப் பூச்சியும் கரையானும் தூசியும் அண்டாது. பல ஆண்டுகள் மடித்துக் கிடந்த போஸ்டர் பலகையில் ஒட்டினால்தான் மட்டமாக நிற்கும். கண்ணாடி இருந்தால் வெயிலும் ஒன்றும் செய்யாது. சட்டம் போடுவது கைத்தொழில். பழகாத கை பட்டால் கெட்டுப்போகும். கடைசியாக, அது சில வாரம் தெருச் சுவரில் இருந்துவிட்டுக் கிழிந்து போவதற்கென்றே அச்சடித்த மலிவுத் தாள். அதற்கு அருங்காட்சியக மரியாதை வீண்செலவு.

இவற்றில் ஈரம், பூச்சி, தூசி பற்றிய கவலை நியாயமானது. அதிலிருந்து எடுக்கப்படும் முடிவு தவறானது. ஆபத்து முழுவதும் வெளியிலிருந்தே வருகிறது என்றும், போஸ்டரை எதனோடாவது பிரிக்க முடியாதபடி சேர்த்துவிட்டால் அது பத்திரமாகிவிடும் என்றும் இந்த வாதங்கள் அனைத்தும் எடுத்துக்கொள்கின்றன. பாதுகாப்புக்கு உள்ள சோதனை ஒன்றே: சட்டத்துக்குள் போன தாளை, போனபடியே திரும்ப எடுக்க முடிய வேண்டும். அந்தச் சோதனையில் வழக்கமான முறை தேறுவதில்லை. காரணங்கள் வரிசையாக:

1. எதிரி உள்ளே இருக்கும்போது கதவை அடைத்து என்ன பயன்?

போஸ்டர் அச்சான தாள் பெரும்பாலும் மரத்தை அரைத்து எடுத்த கூழால் ஆனது. அதில் லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாமல் தங்கியிருக்கும். காற்றும் ஒளியும் பட்டு லிக்னின் மாறும்போதுதான் தாள் மஞ்சளாகிப் பழுப்பாகிறது. மை ஊறாமல் இருப்பதற்காகப் பழைய ஆலைகள் கூழில் படிகாரமும் ரோசின் பிசினும் சேர்த்தன; அதுவும் தாளில் அமிலத்தை விட்டுச் செல்கிறது. அமிலம் காகித நாரின் நீண்ட செல்லுலோஸ் சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. பழைய போஸ்டர் மடிப்பில் முறிவதற்கும் ஓரம் நொறுங்குவதற்கும் இதுவே காரணம். பிளாஸ்டிக் உறை இந்த அமிலத்தை வெளியேற்றுவதில்லை. அதோடு சேர்த்தே மூடிவிடுகிறது.

மூடும் முறையும் தாளுக்குத் தீங்கானது. சூடான லேமினேஷனில் பிளாஸ்டிக் படலத்தின் பசை 100 டிகிரி செல்சியஸை ஒட்டியோ அதற்கு மேலோ உருகித் தாளின் நாருக்குள் இறங்குகிறது. ஏற்கெனவே முதிர்ந்த தாளுக்கு அந்த வெப்பம் கூடுதல் முதுமை. பிறகு படலத்தை உரிக்க முயன்றால் மையும் தாளின் மேல்தோலும் அதோடு வந்துவிடும். ஓரம் பிரிந்த லேமினேஷனுக்குள் ஈரம் நுழைந்தால் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கும்.

இந்தத் தவறைக் காப்பகத் துறையே ஒருமுறை செய்து பார்த்திருக்கிறது. 1930களில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் வில்லியம் பாரோ என்பவர் பழைய ஆவணங்களைச் செல்லுலோஸ் அசிட்டேட் படலத்துக்கு இடையில் வைத்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் ஒட்டும் முறையைப் புகுத்தினார். பல காப்பகங்கள் அதைப் பின்பற்றின. இந்தியாவில் தேசிய ஆவணக் காப்பகம் வெப்பத்தைத் தவிர்த்து, அசிட்டோன் தடவிக் கையாலேயே ஒட்டும் முறையை உருவாக்கியது. தாளின் அமிலத்தை முதலில் நீக்காமல் ஒட்டினால் சிதைவு உள்ளே தொடர்கிறது என்பது பின்னர் தெளிவானது. அசிட்டேட் படலமே காலப்போக்கில் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடுகிறது என்பதும் தெரியவந்தது. அன்று ஒட்டியவற்றைப் பிரிப்பது இன்று கரைப்பான் தொட்டிகளோடு நிபுணர்கள் செய்யும் கடினமான வேலை. தேர்ந்த வேதியியல் அறிவோடும் நல்ல நோக்கத்தோடும் செய்யப்பட்ட லேமினேஷனுக்கே இந்தக் கதி என்றால், ஜெராக்ஸ் கடை இயந்திரத்தில் செய்வதைப் பாதுகாப்பு என்று சொல்ல ஆதாரம் ஏதும் இல்லை.

பிளாஸ்டிக்கே ஆகாது என்பது இதன் பொருளன்று. தூய பாலியெஸ்டர் படலம் இரண்டுக்கு இடையில் போஸ்டரை வைத்து, தாளுக்கு வெளியே விளிம்பில் மட்டும் படலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் உறை முறை உண்டு. அதில் தாளின் மேல் பசையும் படாது, வெப்பமும் படாது. விளிம்பை வெட்டினால் போஸ்டர் முழுசாக வெளியே வரும். பொருள் ஒன்றாகவே இருந்தாலும் ஒட்டுவதற்கும் உறையிடுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

2. மட்டமாக நிற்பது போஸ்டரின் தேவையா, பார்ப்பவரின் தேவையா?

காகிதம் ஈரத்தை உறிஞ்சி விரியும். ஈரத்தை இழந்து சுருங்கும். நார் ஓடும் திசையைவிட அதற்குக் குறுக்கே இந்த அசைவு அதிகம். கோடைக்கும் ஐப்பசி மழைக்கும் இடையே 30 அங்குலத் தாள் ஒன்று அரை சதவீதம் விரிவதாக வைத்துக்கொண்டாலும் அது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர். நான்கு பக்கமும் டேப் போட்டு இறுக்கிய தாளுக்கு அந்த 4 மில்லிமீட்டர் போக இடமில்லை. அதனால் நடுவில் புடைக்கிறது அல்லது ஓரத்தில் கிழிகிறது. பலகையில் முழுவதும் ஒட்டினால் தாள் ஒரு விதமாகவும் பலகை வேறு விதமாகவும் அசைய முயல்கின்றன. அந்த இழுபறியைப் பலவீனமான பக்கம் தாங்க வேண்டியிருக்கிறது. பலவீனமானது எப்போதும் தாள்தான். சட்டத்துக்குள் போஸ்டரில் தெரியும் லேசான அலைவு குறையாகாது. தாளுக்கு அசைய இடம் இருக்கிறது என்பதற்கான அடையாளம்.

ஒட்டும் பசையும் பலகையும் தனித்தனியே கேடு செய்கின்றன. தெருவில் போஸ்டர் ஒட்டுவதற்கும் புத்தகம் பைண்டிங் செய்வதற்கும் பயன்படும் மைதாப் பசையில், பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலப்பது பழைய வழக்கம். மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட். தாமிரம் செல்லுலோஸ் ஆக்சிஜனேற்றம் அடைவதை விரைவுபடுத்தும். மயில்துத்தம் கலக்காவிட்டால் மைதாவின் புரதமே பூச்சிக்கு விருந்து. வெள்ளைப் பசை காய்ந்தபின் நீரில் கரைந்து முழுதாக நீங்குவதில்லை. ஹார்ட்போர்டும் எம்.டி.எஃப்.பும் தாமே அமில ஆவியை விடுபவை. போஸ்டரின் முதுகு முழுவதும் அந்த ஆவியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் போஸ்டரைத் துணியில் ஒட்டுவதில்லையா? ஒட்டுகிறார்கள். ஆனால் அந்த முறையில் போஸ்டருக்கும் துணிக்கும் இடையே மெல்லிய ஜப்பானியக் காகிதம் ஒன்று இருக்கிறது. ஒட்டும் பசை கோதுமை ஸ்டார்ச். நீர் பட்டால் இளகிவிடும். வேண்டும்போது பிரிக்கலாம் என்ற நிபந்தனையோடு, தாளைக் கழுவி அமிலம் நீக்கத் தெரிந்த நிபுணர்கள் செய்யும் பழுதுபார்ப்பு அது. அந்த உதாரணம் ஒட்டலாம் என்பதைவிட, பிரிக்க முடிந்தால் மட்டுமே ஒட்டலாம் என்பதையே நிறுவுகிறது.

3. கண்ணாடி போஸ்டரைத் தொட்டால் அது காவலா, கேடா?

இதற்கான விடை பல தமிழ் வீடுகளின் சுவரிலேயே தொங்குகிறது. தாத்தா பாட்டியின் பழைய புகைப்படத்தைச் சட்டத்திலிருந்து எடுக்க முயன்றவர்கள், படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டிருப்பார்கள். மழைக்கால ஈரத்தில் புகைப்படத்தின் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்கிறது. சினிமா ஸ்டில்களுக்கும் இதே விதி. களிமண் பூச்சு உள்ள ஆர்ட் பேப்பரில் அச்சான போஸ்டரும் ஈரம் பட்டால் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியின் உட்புறத்தில் நீர் துளிர்த்தால் அது நேராகத் தாளில்தான் இறங்கும். பூஞ்சணம் தொடங்குவதும் அங்கேதான்.

இந்த இடத்தில்தான், நடுவில் ஜன்னல்போல் வெட்டிப் படத்தின் மேல் வைக்கும் மவுண்ட் அட்டையின் வேலை வருகிறது. படக்கடையில் அது அலங்காரமாக, நிறம் பார்த்து வாங்கும் கூடுதல் செலவாகவே விற்கப்படுகிறது. அதன் முதல் வேலை தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையே இடைவெளி உண்டாக்குவது. சாதாரண மவுண்ட் அட்டை ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. அந்த இடைவெளியில் காற்று இருக்கும்; தாள் அலைந்தாலும் கண்ணாடியைத் தொடாது. அட்டையின் தரமும் முக்கியம். மலிவு அட்டையின் நடுப்பகுதி அமிலக் கூழ். சாய்வாக வெட்டிய விளிம்பை ஒட்டிப் போஸ்டரில் பழுப்புக் கோடு விழுவதற்கு அதுவே காரணம். பருத்தி நாரால் ஆன அட்டையோ, லிக்னின் நீக்கிச் சுண்ணாம்புக் கார்பனேட் சேர்த்த அட்டையோ வேண்டும்.

அளவுக் கணக்கு எளியது. உதாரணமாக, திரையரங்க முன்கூடத்தில் வைப்பதற்கென அச்சடித்த ஹாலிவுட் லாபி கார்டு 14 அங்குல அகலமும் 11 அங்குல உயரமும் உள்ளது. அதாவது 356க்கு 279 மில்லிமீட்டர். நான்கு பக்கமும் 5 மில்லிமீட்டர் அட்டைக்குள் மறைந்தால் ஜன்னலின் அளவு 346க்கு 269. மூன்று பக்கம் 75 மில்லிமீட்டரும் கீழே 85 மில்லிமீட்டரும் விட்டால் அட்டையின் வெளி அளவு 496க்கு 429. கீழ்ப்பக்கம் சற்று அதிகம் விடுவது, படம் கீழே சரிவதுபோல் தோன்றாமல் இருப்பதற்காக. ஜன்னலை அட்டையின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்து, புதிய பிளேடால் 45 டிகிரிச் சாய்வில் வெட்டினால் முன்பக்கம் சுத்தமாக வரும்.

பெரிய போஸ்டருக்கு மவுண்ட் பொருந்தாது என்பது உண்மை. மவுண்ட் அட்டை சந்தையில் பெரும்பாலும் 32க்கு 40 அங்குலத் தாளாகக் கிடைக்கிறது. 30க்கு 40 அங்குலப் போஸ்டரைச் சுற்றி அதில் விளிம்பு விட இடமில்லை. இதைக் காட்டிக் கண்ணாடியை நேராக மேலே வைக்கலாம் என்பது தவறான முடிவு. சட்டத்தின் உட்படிக்குள் மறைந்திருக்கும்படி 3 முதல் 6 மில்லிமீட்டர் அக்ரிலிக் பட்டைகளைக் கண்ணாடியின் ஓரத்தில் வைத்தால் அதே இடைவெளி கிடைக்கும். போஸ்டர் ஓரம் வரை முழுதாகத் தெரியும்.

4. சலூன் கடைப் போஸ்டர் ஏன் நீலமாகிறது?

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஆண்டுக்கணக்கில் இருந்த போஸ்டர்களில் முகங்களெல்லாம் வெளிறி நீலம் பாரித்திருப்பதை எந்த ஊரிலும் பார்க்கலாம். ஆஃப்செட் அச்சின் நான்கு மைகளில் மஞ்சளும் மெஜந்தாவும் ஒளியில் முதலில் வெளுக்கின்றன; சியானும் கறுப்பும் தாக்குப்பிடிக்கின்றன. கண்ணாடி வெயிலைத் தடுக்கும் என்ற நம்பிக்கைக்கு அந்தக் கதவே பதில். சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிரின் குறுகிய அலைகளைத் தடுக்கிறது. நீண்ட அலைகளில் பெரும்பகுதியை விட்டுவிடுகிறது. புற ஊதாவை 99 சதவீதம் வடிகட்டும் சிறப்புக் கண்ணாடியும் அக்ரிலிக்கும் உண்டு. வாங்க முடிந்தால் வாங்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மையை வெளுக்கச் செய்கிறது. அதை வடிகட்டினால் போஸ்டரே தெரியாது.

ஒளியின் சேதம் கூடிக்கொண்டே போவது, திரும்பாதது. தாளில் உள்ள படைப்புகளுக்கு அருங்காட்சியகங்கள் வைக்கும் வரம்பு ஏறக்குறைய 50 லக்ஸ். ஜன்னலோர அறையில் பகல் வெளிச்சம் 500 லக்ஸைச் சாதாரணமாக எட்டும். அந்த அளவில் ஓராண்டு மாட்டுவது அருங்காட்சியகச் சுவரில் பத்தாண்டு மாட்டுவதற்குச் சமம். ஆகவே ஜன்னலுக்கு எதிர்ச்சுவரைத் தவிர்ப்பதும், சில மாதம் மாட்டி சில மாதம் இருட்டில் வைப்பதும் எந்தக் கண்ணாடியைவிடவும் பலன் தரும். இப்படி மாற்றி மாற்றி வைக்க வேண்டுமானால் போஸ்டர் சட்டத்திலிருந்து வெளியே வரக்கூடியதாக இருக்க வேண்டும். பலகையில் ஒட்டியது வராது.

5. கைத்தொழில் தெரியாதவர் தொடக் கூடாது என்றால், தாளைப் பற்றித் தெரியாதவர் மட்டும் தொடலாமா?

சட்டம் போடுவதில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. பீடிங்கை 45 டிகிரியில் அறுத்து மூலை சேர்ப்பதும் கண்ணாடி வெட்டுவதும் ஒன்று. அதற்குக் கருவியும் பழகிய கையும் வேண்டும். படக்கடைக்காரர் அதில் கெட்டிக்காரர். தாளைத் தொடும் அடுக்கைத் தயார் செய்வது மற்றொன்று. அதற்கு வேண்டியது சுத்தமான மேசை, ஸ்கேல், கட்டர், பொறுமை. ஒரு நாளில் பல படம் முடித்தாக வேண்டிய கடையில் இல்லாதது அந்தக் கடைசிப் பொருள்தான். முதல் வேலையைக் கடையிலும் இரண்டாவது வேலையை வீட்டிலும் செய்வதில் முரண் எதுவும் இல்லை. வீட்டில் மவுண்ட் வெட்டும்போது தவறினால் போவது ஓர் அட்டை. கடையில் தவறாக ஒட்டினால் போவது போஸ்டர்.

வீட்டு வேலை இந்த வரிசையில் நடக்கும். பின் அட்டை, மவுண்ட் இரண்டையும் ஒரே அளவில் வெட்டி, ஒரு நீளப் பக்கத்தில் துணி டேப்பால் புத்தகம்போல் இணைக்க வேண்டும். அந்த டேப் போஸ்டரைத் தொடாது என்பதால் தீங்கில்லை. சிறிய போஸ்டருக்கு நான்கு மூலைகளிலும் பாலியெஸ்டர் மூலை உறை போதும். பசை அதன் பின்னால் அட்டையில் மட்டும் இருக்கும். மூலைக்கும் தாளுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் தளர்வு விட வேண்டும். பெரிய போஸ்டரின் எடையை மூலைகள் தாங்கா. அதற்கு மேல் விளிம்பின் பின்பக்கத்தில் மட்டும் இரண்டு அல்லது மூன்று காகிதக் கீல்கள் வைத்து, மற்ற மூன்று பக்கங்களையும் தொங்கவிட வேண்டும். கீல் மெல்லிய ஜப்பானியக் காகிதத்தால் ஆனது. அது போஸ்டரைவிடப் பலவீனமாக இருப்பது திட்டமிட்ட ஏற்பாடு: சட்டம் கீழே விழுந்தால் முதலில் கீல் கிழிய வேண்டும், போஸ்டர் கிழியக் கூடாது.

கீலை ஒட்டும் பசை கோதுமை ஸ்டார்ச். மைதாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அல்வாவுக்குக் கோதுமைப் பால் எடுத்தவர்களுக்கு உடனே புரியும்: பிசைந்து பிழிந்தபின் கையில் மிஞ்சும் ரப்பர்போன்ற சக்கை புரதம், பாலில் அடியில் படிவது ஸ்டார்ச். புரதம் நீங்கிய அந்தத் தூய ஸ்டார்ச் பொடியாக விற்கிறது. 1 பங்குப் பொடியை 4 அல்லது 5 பங்கு நீரில் கலந்து, மெல்லிய தீயில் அரை மணி நேரம் கிளறினால் கண்ணாடிபோல் பசை வரும். ஆறவைத்து வடிகட்டிப் பயன்படுத்தலாம். கெடாமல் இருக்க எதையும் சேர்க்க வேண்டியதில்லை. தேவைக்கு மட்டும் காய்ச்சினால் போதும். செல்லோ டேப், பிரவுன் டேப் இரண்டும் இந்த வேலையில் நுழையவே கூடாது. அவற்றின் பசை முதலில் எண்ணெய்போல் தாளுக்குள் ஊறும். பிறகு மஞ்சளாகி இறுகும். கறை முன்பக்கம் வரை வரும். ‘அமிலமற்ற டேப்’ என்று விற்பதும் நேராகப் போஸ்டரில் ஒட்டுவதற்கு உகந்ததன்று. அமிலம் இல்லாத பசையும் ஊறக்கூடியதே.

வீட்டின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பழைய டேப்பை உரிப்பது, கழுவுவது, பூஞ்சணம் நீக்குவது, கிழிசல் சேர்ப்பது, துணியில் ஏற்றுவது ஆகியவை காகிதப் பாதுகாப்பு படித்தவர்களின் வேலை. அவை படக்கடையின் வேலையும் அன்று. மடிப்புக் கோட்டை இஸ்திரிப் பெட்டியால் நீக்குவது யாருடைய வேலையும் அன்று.

6. நம் ஊர் ஈரத்துக்கு ஒட்டுவதைத் தவிர வழியில்லையா?

இந்த வாதத்துக்குத்தான் உண்மையான எடை உண்டு. காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சணம் வளரும். சென்னையிலும் நாகையிலும் தூத்துக்குடியிலும் அது பல மாதம் நீடிக்கிறது. ஆனால் ஈரத்தைத் தடுக்க வேண்டிய இடம் தாளின் தோல் அன்று, அடுக்கின் விளிம்பு. கண்ணாடி, இடைவெளிப் பட்டை அல்லது மவுண்ட், போஸ்டர், பின் அட்டை, அதற்கும் பின்னால் ஒரு தடுப்புத் தாள் என அடுக்கி, அடுக்கின் நான்கு வெளி விளிம்பையும் டேப்பால் மூட வேண்டும். அந்த டேப் போஸ்டரிலிருந்து விலகியே இருக்கும். பின் தடுப்புக்கு உள்கூடு கொண்ட பாலிபுரோப்பிலீன் தகடு, அதாவது விளம்பரப் பலகைகளுக்குப் பயன்படும் சன்பேக் ஷீட், ஹார்ட்போர்டைவிட எவ்வளவோ மேல். அது அமிலமும் விடாது, கரையானுக்கு உணவும் ஆகாது. இப்படி மூடிய அடுக்குக்குள் ஈரப்பதம் வெளியே மாறும் வேகத்தில் மாறாது. தூசியும் ராமபாணமும் நுழைய இடுக்கும் இருக்காது.

மூடும் நாளும் முக்கியம். அடைமழையில் மூடினால் அந்த ஈரமும் உள்ளே சேர்ந்து மூடப்படும். உலர்ந்த நாளில் மூட வேண்டும். மாட்டும் இடம் அடுத்தது. மழைநீர் ஓதம் ஏறும் வெளிச்சுவரிலும், குளியலறையை ஒட்டிய சுவரிலும் மாட்டக் கூடாது. சட்டத்தின் கீழ் மூலைகளில் சிறு ரப்பர் குமிழ் ஒட்டினால் சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்று ஓடும். எடையும் கணக்கில் வர வேண்டும். 30க்கு 40 அங்குலத்துக்கு 3 மில்லிமீட்டர் கண்ணாடி ஏறக்குறைய 6 கிலோ. அதே அளவு அக்ரிலிக் அதில் பாதிக்கும் குறைவு, உடைந்து போஸ்டரைக் கிழிக்கவும் செய்யாது. அக்ரிலிக் எளிதில் கீறும், அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் அதற்கு ஆகாது என்பவை அதன் குறைகள்.

7. சில வாரத்துக்கு அச்சடித்த தாளுக்கு இத்தனை உழைப்பு எதற்கு?

சில வாரத்துக்கு அச்சடித்ததால்தான். நிலைக்க வேண்டும் என்று செய்த பொருள் நிறையவே நிலைக்கிறது. கிழிபட வேண்டும் என்று செய்த பொருளில் மிஞ்சியது ஒன்றிரண்டு. 1927இல் வெளிவந்த ‘மெட்ரோபொலிஸ்’ என்ற ஜெர்மானியப் படத்துக்கு ஹெய்ன்ஸ் ஷுல்ட்ஸ் நொய்டாம் வரைந்த போஸ்டர் ஒன்று 2005இல் 6,90,000 டாலருக்கு விற்றது அதனால்தான். தமிழ்நாட்டில் விலை அந்த உயரத்துக்கு வரவில்லை, அருமையில் குறைவில்லை. கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜுவின் காலண்டர் படங்கள் ஒரு காலத்தில் வீடுதோறும் தொங்கின. அந்தக் கால அச்சு ஒன்று இன்று கறையும் கிழிசலும் இல்லாமல் கிடைப்பது அரிது. சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் தொடக்கமே, பிறர் தூக்கி எறியும் அச்சுத் தாள்களைத் தேடித்தேடிச் சேர்த்த கோட்டையூர்க்காரர் ஒருவரின் சேகரிப்புதான். எது மலிவு என்று அச்சடித்த அன்று போட்ட கணக்கு இன்றைக்குச் செல்லாது.

செலவுக் கணக்கும் மேலோட்டமானது. வழக்கமான முறையில் பீடிங்கும் கண்ணாடியும் இருக்கவே இருக்கின்றன. வீட்டு முறை கூடுதலாகக் கேட்பது நல்ல அட்டை, பாலியெஸ்டர் மூலை, ஒரு சிட்டிகை ஸ்டார்ச், அரை நாள். அதே சட்டத்தில் அடுத்த ஆண்டு வேறு போஸ்டரை மாற்றி வைக்கலாம். ஒட்டிய போஸ்டருக்கு அந்த வசதி இல்லை. விற்க வந்தாலும் சேகரிப்பாளர்கள் லேமினேஷன் செய்ததையும் பலகையில் ஒட்டியதையும் பழுதுபட்ட சரக்காகவே மதிக்கிறார்கள்.

இந்த மறுப்பு எதற்குப் பொருந்தாது என்பதும் தெளிவு. புதிதாக நகலெடுத்த போஸ்டரை, மீண்டும் அச்சிடக் கிடைக்கும் படத்தை, எப்படி வேண்டுமானாலும் லேமினேஷன் செய்யலாம், பலகையில் ஒட்டலாம், வெயிலிலும் மாட்டலாம். உண்மையில் நல்ல வெளிச்சமுள்ள கூடத்துக்கு அதுவே சரி: மூலத்தை ஸ்கேன் செய்து நகலைச் சுவரில் மாட்டி, மூலத்தை அமிலமற்ற உறையில் படுக்கையாக இழுப்பறையில் வைப்பது. இன்னொன்று கிடைக்காத தாளுக்கு மட்டும் விதி கண்டிப்பானது. அதன் மேல் பசை பரவக் கூடாது, கண்ணாடி தொடக் கூடாது, அமிலப் பலகை முதுகில் இருக்கக் கூடாது, நேர் வெளிச்சம் விழக் கூடாது. கடைக்குக் கொடுத்தாலும் வீட்டில் செய்தாலும் முன்கூட்டிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இதைத் திரும்ப எப்படி எடுப்பது? அதற்குத் தெளிவான பதில் இல்லாத எந்த முறையிடமும் மூலப் போஸ்டரை ஒப்படைக்கக் கூடாது.